தலைவரின் கல்லீரலில் இல்லாத ஒன்று

அந்த ஆய்வுக்கூடத்தில் தலைவர் மூன்று இடங்களில் இருந்தார். வரவேற்பறைச் சுவரில் கோட்டும் சூட்டுமாக ஒரு படம். கூட்ட அறையில், தாடைக்குக் கையை முட்டுக்கொடுத்துக்கொண்டு மனிதகுலத்தின் எதிர்காலத்தைத் தொலைவில் எங்கோ பார்ப்பதுபோல இன்னொரு படம். மூன்றாவது இடம்தான் விசேஷம். செல் வளர்க்கும் அறையில், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டிக்குள், இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றிய தட்டுகளில் அவர் உயிரோடு இருந்தார். படமாக அல்ல, கல்லீரலாக. தன் நாற்காலியில் அவர் இருந்த நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது அபூர்வம்.

நடந்தது இதுதான். தலைவருக்குப் பித்தப்பையில் கல். அறுவைசிகிச்சைக்குப் படுக்க வைத்தார்கள். மயக்கம் வரும் நேரத்தில் சிலர் கடவுளைக் கூப்பிடுவார்கள், சிலர் மனைவியைக் கூப்பிடுவார்கள். தலைவர் டாக்டரைக் கூப்பிட்டார். "வயித்தைத் திறக்கத்தான் போறீங்க. கையோட கல்லீரல்ல ஒரு நகக்கண் அளவு எடுத்து வைங்க. ஆராய்ச்சிக்கு ஆகும்."

எடுத்து வைத்தார்கள். அதைச் சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும்படி பக்குவப்படுத்தினார்கள். 'தலைவர்-1' என்று பெயரும் சூட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் வேறு யாருடைய கல்லீரல் செல்லையும் யாரும் தொடவில்லை. தொடக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வேறு செல் வாங்கலாமா என்று கேட்டவரைத் தலைவர் தாழ்வாரத்தில் நிறுத்தி, "ஏன், என் ஈரல்ல என்ன குறை?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு யாருக்கும் வேறு செல் வேண்டியிருக்காது.

இப்படி வாயடைத்துப் போனவர்களில் கடைசி ஆள், டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு பெண். வீட்டில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. கூடத்தில் எல்லோரும் 'கண்ட்ரோல்' என்றுதான் கூப்பிட்டார்கள். யார் எந்த முடிவைக் கொண்டுவந்து பீற்றிக்கொண்டாலும், "சரி, கண்ட்ரோல் எங்கே? எதோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?" என்று முதல் கேள்வி கேட்பாள். கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது.

அவள் வேலை வைரஸ் செய்வது. கேட்கப் பயமாக இருக்கும், விஷயம் சாதுவானது. நம் கல்லீரலில் நச்சைப் பிடித்து வெளியே தள்ளும் நொதிகள் பல உண்டு. வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. அவற்றில் ஒன்று கொஞ்சம் கண்மூடித்தனமான கடமைக்காரன். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தையும் நச்சு என்று நினைத்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அந்த நொதியைத் தயாரிக்கச் சொல்லி உத்தரவு போடுகிற மரபணுவின் வாயை அடைத்தால், மருந்து உள்ளே தங்கி வேலை செய்யும். வாயை அடைக்க உள்ளே போகத் தெரிந்த ஆள் வேண்டும். வைரஸைவிட உள்ளே போகத் தெரிந்தவன் யார்? நோய் செய்யும் சரக்கையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தக் காலிப் பைக்குள் ஒரு சின்னத் துண்டை வைத்து அனுப்புவாள். மரபணு போடும் உத்தரவு வெளியே வருகிறபோதே அதைத் தேடிப் பிடித்துக் கிழிக்கச் செய்வது அந்தத் துண்டின் வேலை.

பெயருக்கு ஏற்றபடி அவள் இரண்டாவது வைரஸ் ஒன்றும் செய்திருந்தாள். அதே பை, அதே நடை. உள்ளே இருக்கும் துண்டு மட்டும் அர்த்தமில்லாத உளறல். அது எதையும் கிழிக்காது. நிஜ வைரஸ் போன செல்லில் நொதி இறங்க வேண்டும், உளறல் வைரஸ் போன செல்லில் நொதி அப்படியே இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் வைரஸ் வேலை செய்தது என்று அர்த்தம்.

நிஜ வைரஸைத் தலைவர்-1 செல்களில் விட்டாள். நொதி பூஜ்யம். கூடமே கைதட்டியது. உளறல் வைரஸை விட்டாள். நொதி பூஜ்யம். கைதட்டல் தொடர்ந்தது. கண்ட்ரோல் மட்டும் தட்டவில்லை.

"சார், ரெண்டுமே பூஜ்யமா வருது. அப்படி வரக் கூடாதே?"

தலைவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நீ அதை விஞ்ஞானமா மட்டும் பாக்கறே. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல? என் செல்லுங்க வைரஸோட காலடிச் சத்தம் கேட்டாலே அமைதியாயிடுது. துண்டைக் காட்டக்கூட வேண்டியதில்லை."

"ஆமாம் சார்" என்றார் பக்கத்தில் நின்றவர். அவர் துணை இயக்குநர். அவருக்கும் வேறு பெயர் இருந்திருக்கும். அவரை எல்லோரும் 'ஆமாம் சார்' என்றே சொன்னார்கள், அவர் காதில் விழாமல்.

"உளறலுக்கே அடங்குதுன்னா, நிஜத்துக்கு எப்படி அடங்கும்! நூத்துக்கு இருநூறு வெற்றி இது."

"ஆமாம் சார். இருநூறு குறைச்சல்."

அப்புறம் தலைவர், ஆய்வு முடிவைக் காட்டும் படங்களிலிருந்து உளறல் வைரஸ் இருந்த கண்ட்ரோல் கட்டத்தை வெட்டச் சொன்னார். பெரிய மனிதர்கள் பார்க்கும்போது ஒரே மாதிரி இரண்டு பூஜ்யம் இருந்தால் குழம்புவார்களாம். அவர்கள் வரும் நாளும் குறிக்கப்பட்டிருந்தது. உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, 'மரபணு மௌன மையம்' என்று பலகை மாட்டியாயிற்று. அதன் திறப்பு விழாவும், கண்ட்ரோலின் வாய்மொழித் தேர்வும் ஒரே நாளில். வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். அவர் கேள்வி கேட்பார், இவள் பதில் சொல்வாள், தலைவர் கையெழுத்துப் போடுவார், இவள் டாக்டர் ஆவாள். திட்டம் அவ்வளவு சுத்தம்.

கண்ட்ரோலுக்குப் பட்டம் கிடைக்குமா என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இத்தனை நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தான் செய்த வைரஸ் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று அவளுக்கே தெரியாது. பூஜ்யத்தை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது? பேசாமல் உட்கார்ந்திருப்பவன் வாயை நான் அடைத்துவிட்டேன் என்று யாரும் பெருமையடித்துக்கொள்ளலாம். அவன் முன்னாடி பேசினானா என்று யாராவது பார்த்தார்களா?

இந்த எண்ணம் வந்ததும் அவள் நேராகப் போய்த் தலைவர்-1 செல்லின் மரபணுவைச் சோதித்தாள். நொதியை விடு, உத்தரவை விடு, உத்தரவு போடுகிற ஆளே இருக்கிறானா என்று பார்ப்பது. இருந்தால் கண்ணாடித் தட்டில் ஒரு கோடு விழும். கூடவே வேறொரு சாதாரண மரபணுவையும் சாட்சிக்கு வைத்தாள். அதற்கும் ஒரு கோடு. சாட்சிக் கோடு பளிச்சென்று விழுந்தது. மற்ற இடம் துடைத்துவிட்ட மாதிரி வெறுமை.

அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். கலவையில் தப்போ? தன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் சுரண்டி எடுத்து அதையும் போட்டாள். வெறுமை. போச்சுடா, கலவைதான் தப்பு என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது: இந்தக் குறிப்பிட்ட மரபணு உலகத்தில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே கிடையாது. அவர்கள் பாட்டுக்கு நன்றாகத்தான் இருக்கிறார்கள், மற்ற நொதிகள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும். தனக்கும் இல்லாமல் இருக்கலாம். தலைவருக்கும் இல்லாமல் இருக்கலாம். கலவை சரியா என்று தெரிய, இருக்கிற ஆள் ஒருவர் வேண்டும்.

பஞ்சுக்குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீடு என்பது இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு மாமியார். ஹாலும் மாமியாரும் ஒரே அளவு இடம் எடுத்துக்கொண்டார்கள். மாமியார் டெலிபோன் இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரே பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டு தான் பேச முடியாமல் வேலை பார்த்ததற்குச் சேர்த்து இப்போது பேசிக்கொண்டிருந்தார். கணவன் லிஃப்ட் மெக்கானிக். அம்மாவின் பேச்சில் எங்கே இடைவெளி வரும் என்று பார்த்து உள்ளே நுழைவதில் அவனுக்குத் தொழில்முறைத் திறமை இருந்தது.

"வாயைத் திறங்க" என்றாள் கண்ட்ரோல் கணவனிடம்.

"கல்யாணமாகி இப்பத்தான் முதல் தடவையா இதைச் சொல்றே" என்றான் அவன். "வழக்கமா மூடச் சொல்லுவே."

"கன்னத்துல கொஞ்சம் சுரண்டணும். ஒரு மரபணு இருக்கா இல்லையான்னு பாக்க. எனக்கு இல்லை."

"பாத்தியா அம்மா, பொண்ணு பாக்கும்போது அவங்க வீட்ல இதைச் சொன்னாங்களா?"

மாமியார் டிவியை நிறுத்தினார். அது சாதாரண விஷயம் இல்லை. "என்ன மரபணு? நல்லதா கெட்டதா?"

"விஷத்தை வெளியே தள்ளுற நொதி அத்தை. இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். பாதிப் பேருக்குக் கிடையாது."

"விஷத்தை வெளியே தள்ளுமா? அப்ப எனக்குக் கட்டாயம் இருக்கும். எனக்கு எதையும் உள்ளே வெச்சுக்கத் தெரியாது."

"அது ஊருக்கே தெரியும்மா" என்றான் மகன்.

"நீ சும்மா இரு. உங்க அப்பா பக்கம்தான் எதுவும் இருக்காது. அவங்க குடும்பத்துல தலையில முடியே கிடையாது, மரபணுவா இருக்கப் போகுது? ஏம்மா, முதல்ல எனக்கு எடு."

வாயைத் திறந்தவர், குச்சி உள்ளே இருக்கும்போதும் பேச்சை நிறுத்தவில்லை. அதனால் தேவைக்கு மேலேயே செல்கள் கிடைத்தன.

மறுநாள் கண்ணாடித் தட்டைப் பார்த்த கண்ட்ரோலுக்கு ஒரு நிமிஷம் தலைகால் புரியவில்லை. கணவனுக்கு ஒரு கோடு. மாமியாருக்கு ஒரு கோடு, அதுவும் ஏதோ அடிக்கோடு போட்ட மாதிரி தடியாக. கலவை சரி. தலைவர்-1 செல்லில்தான் எதுவும் இல்லை. அவள் இத்தனை நாளும் ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று, "உள்ளே சத்தம் போடாதீங்க" என்று அதட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வீடும் ஒழுங்காக அமைதியாக இருந்திருக்கிறது.

தன்னார்வலர்களிடம் ரத்தம் வாங்கிச் சோதிக்க அந்தக் கூடத்துக்கு ஏற்கெனவே அனுமதி உண்டு. யாரும் பயன்படுத்தாமல் கிடந்தது, தலைவர்-1 இருக்கும்போது யார் போய் ஊசி குத்திக்கொள்வார்? இந்த நொதி கல்லீரலில் மட்டும் அல்ல, ரத்தத்தின் வெள்ளை அணுக்களிலும் கொஞ்சம் உண்டு. மாமியார் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டு, கையை நீட்டி, "நல்லா எடும்மா, கூச்சப்படாதே. ஒரு குழாய் போதுமா? மத்தவங்களுக்கும் வேணுமான்னு கேளு" என்று நர்ஸையே அதட்டினார்.

வெள்ளை அணுக்களைப் பிரித்து, ஊட்டம் கொடுத்துப் பெருக்கி, பாதியில் நிஜ வைரஸையும் பாதியில் உளறல் வைரஸையும் விட்டாள். சில நாள் கழித்து அளவெடுக்கும் கருவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். உளறல் வைரஸ் போன செல்களில் நொதி கொஞ்சமும் அசையவில்லை, மாமியார் எப்படியோ அப்படி. நிஜ வைரஸ் போன செல்களில் நொதி தரையோடு தரையாகக் கிடந்தது.

வேலை செய்கிறது! அவள் செய்த வைரஸ் வேலை செய்கிறது!

கையுறையைக் கழற்றாமலேயே எழுந்து, அந்தக் குறுகிய அறையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். சுழல் நாற்காலி குறுக்கே வந்தது, அதையும் பிடித்துச் சுற்றிவிட்டாள். பக்கத்து மேஜைத் தோழி எட்டிப் பார்த்து, "என்னடி, எலி ஏதாவது ஓடுதா?" என்றாள்.

"எங்க அத்தையோட வாயை அடைச்சிட்டேன்டி!"

தோழிக்குக் கல்யாணமாகியிருந்தது. ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, "எந்த மருந்து? எனக்கும் கொஞ்சம் குடு" என்றாள்.

"ரத்தத்துல மட்டும்தான். நேர்ல வழக்கம்போலத்தான் இருக்காங்க."

"அப்ப இன்னும் ஆராய்ச்சி பாக்கி இருக்கு" என்று தோழி வருத்தமாகத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

மீதி இருந்தது தலைவரிடம் சொல்வது. இதுதான் முழு ஆராய்ச்சியிலும் கஷ்டமான கட்டம். தலைவருக்கு மற்றவர்களின் வாக்கியத்தை முடித்துவைக்கும் பழக்கம் உண்டு, தன் விருப்பப்படி.

"சார், தலைவர்-1 செல்லைச் சோதிச்சுப் பாத்தேன். அதுல மரபணுவே..."

"அழிஞ்சே போச்சா! பிரமாதம். வாயை அடைக்கத்தான் அனுப்பினோம், ஆளையே காலி பண்ணிடுச்சா உன் வைரஸ்?"

"இல்ல சார், வைரஸ் விடாத செல்லுலயும்..."

"பரவிடுச்சா? பக்கத்துத் தட்டுக்கும்? அடேயப்பா."

"ஆமாம் சார், அடேயப்பா" என்றார் ஆமாம் சார்.

கண்ட்ரோல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "சார், அந்த மரபணு உங்களுக்குப் பிறக்கும்போதே கிடையாது. உங்களுக்கு மட்டும் இல்ல, பாதிப் பேருக்குக் கிடையாது, எனக்கும் கிடையாது. உடம்புக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இல்லாத மரபணுவை நாம வாயடைச்சோம்னு சொல்ல முடியாது சார்."

ஆமாம் சார் வாயைத் திறந்தார். எதற்கு ஆமாம் போடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

"எனக்கு இல்லையா?" என்றார் தலைவர் மெதுவாக. "எனக்கு?"

"எங்க மாமியாருக்கு இருக்கு சார். அவங்க ரத்தத்துல செஞ்சு பாத்தேன். ரொம்ப அழகா வந்திருக்கு. அதைச் சேர்த்துக்கிட்டா ஆய்வேடு..."

"உன் மாமியாருக்கு இருக்கு. எனக்கு இல்லை." தலைவர் கூட்ட அறைப் படத்தில் இருப்பதுபோலத் தாடைக்குக் கையைக் கொடுத்தார், ஆனால் இந்தத் தடவை எதிர்காலம் தெரிந்த மாதிரி இல்லை. "இதோ பாரும்மா. திறப்பு விழாவுக்கு அழைப்பு போயாச்சு. நீ அந்த மாமியார்ப் பக்கத்தை எடுத்துடு. பழைய படத்தை வெச்சுப் பேசு. என் செல்லைக் குறை சொல்ற ஆய்வேட்டுல என் கையெழுத்து விழாது. அவ்வளவுதான்."

அன்று வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அவள் விஷயத்தைச் சொன்னாள். பழைய படத்தை வைத்தால் பட்டம் நிச்சயம். ஆனால் வேலை செய்கிற வைரஸை ஒளித்துவிட்டு, வேலை செய்யாத பூஜ்யத்தைக் காட்டி அந்தப் பட்டத்தை வாங்க வேண்டும். புதுப் படத்தை வைத்தால் எல்லாம் உண்மை, கையெழுத்துதான் இருக்காது.

"என் ரத்தத்தை வேண்டாம்னா சொன்னான்?" என்றார் மாமியார். அவருக்கு விஷயத்தின் அந்த மூலைதான் பிடிபட்டது. "ஏம்மா, நீ அந்த ஆய்வேட்டுலேர்ந்து என் பக்கத்தை எடுத்தியோ, அப்புறம் இந்த வீட்ல உனக்கு மாமியார் இல்லை."

"இது மிரட்டலா, சலுகையா?" என்று கணவன் மெதுவாகக் கேட்டான்.

கண்ட்ரோல் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது முடிவு செய்திருந்தாள். "பட்டம் இல்லாட்டிப் போகுது. செஞ்ச வேலை செஞ்சதுன்னு நாலு பேர் முன்னால சொல்லிடறேன்."

தேர்வு நாள். அரங்கின் முதல் வரிசையில் பெரிய மனிதர்கள், இரண்டாவது வரிசையில் அவர்களைவிடப் பெரிய மனிதர்கள் என்று தங்களை நினைத்துக்கொண்டிருந்தவர்கள். கடைசி வரிசையில் மாமியார், கணவன். வெளித்தேர்வாளர் ஒல்லியான, வயதான அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். வந்ததிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. காரணம், தலைவர் பேசிக்கொண்டிருந்தார். தன் பித்தப்பைக் கல்லில் தொடங்கி, டாக்டரிடம் சொன்ன வார்த்தைகளைச் சொல்லி, மௌனத்தின் மகத்துவத்தைப் பற்றி ஓயாமல் பேசி முடித்தார். முதல் வரிசையில் இரண்டு பேர் அந்த மௌனத்தை அப்படியே கடைப்பிடித்து, கண்ணையும் மூடியிருந்தார்கள்.

கண்ட்ரோல் எழுந்தாள். வைரஸ் எப்படிச் செய்தாள் என்று சொன்னாள். முதல் படம் திரையில் விழுந்தது. தலைவர்-1 செல்கள்: நிஜ வைரஸ், பூஜ்யம். பக்கத்தில், வெட்டியெடுத்த கண்ட்ரோல் கட்டத்தை அவள் மறுபடி ஒட்டியிருந்தாள்: உளறல் வைரஸ், பூஜ்யம்.

தேர்வாளர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இருங்க. கண்ட்ரோல் ஏன் பூஜ்யமா இருக்கு?"

அரங்கில் பாதிப் பேர் அவள் பெயரைத்தான் சொன்னதாக நினைத்துத் திரும்பினார்கள். தலைவர் மேடையிலிருந்து அவளையே பார்த்தார். உதட்டை அசைத்து 'ஒழுங்கு' என்று சொல்லிக்கொடுத்தார்.

"அந்தச் செல்லுல அந்த மரபணு கிடையாது மேடம்" என்றாள் அவள். "வைரஸ் எதையும் செய்யலை. செய்ய அங்கே எதுவும் இல்லை. இதை நான் ஆரம்பத்துலயே பாத்திருக்கணும். பாக்கலை."

"யாரோட செல்?"

அரங்கம் முழுவதும் ஒரே திசையில் பார்த்தது. தலைவர் பாதி எழுந்து நின்றார். எழுகிறாரா உட்காருகிறாரா என்று நாற்காலிக்கும் புரியவில்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் கண்ட்ரோல் அடுத்த படத்தைப் போட்டுவிட்டாள். "இது மரபணு இருக்கிற ஒருத்தரோட வெள்ளை அணு. இது உளறல் வைரஸ், நொதி அப்படியே இருக்கு. இது நிஜ வைரஸ். பாருங்க, விழுந்துடுச்சு."

"அது நான்தான்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் இணைப்பகமே அதிரும்படி வந்தது. தூங்கிக்கொண்டிருந்த இருவரும் விழித்து, எதற்கும் இருக்கட்டும் என்று கைதட்டினார்கள்.

தேர்வாளர் அம்மாள் திரையை உற்றுப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. மூணு வேறவேற ஆளுங்க ரத்தத்துல செஞ்சு காட்ட முடியுமா?"

"முடியும் மேடம். தோழியோடதுலயும் எங்க வீட்டுக்காரரோடதுலயும் செஞ்சிருக்கேன். அடுத்த படம்."

"போடுங்க, போடுங்க." பார்த்து முடித்ததும் அவர் தலைவர் பக்கம் திரும்பினார். "சார், நான் ஒண்ணு கேக்கணும்."

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க ஊர்ல நாங்களும் இதே நொதியைத்தான் பாக்கறோம். மரபணு இல்லாத ஆளுங்க பாதி இருந்தாலும், அது அறவே இல்லாம, சாகாம பெருகிட்டே இருக்கற கல்லீரல் செல் ஒண்ணு கிடைச்சா ஒப்பிட்டுப் பாக்க எவ்வளவோ உதவியா இருக்கும்னு நாங்க தேடாத இடம் இல்லை. ஒண்ணு ரத்தம் கிடைக்குது, இல்லேன்னா அரைகுறையா இருக்கு. சுத்தமான பூஜ்யம் கிடைக்க மாட்டேங்குது. உங்களுது பொக்கிஷம் சார். கொஞ்சம் தருவீங்களா?"

இந்த இடத்தில் தலைவருக்கு நடந்ததை மருத்துவம் இன்னும் விளக்கவில்லை. குனிந்த தலை நிமிர்ந்தது. முதுகு நேரானது. பாதி எழுந்தவர் முழுவதுமாக எழுந்து நின்றார்.

"சுத்தமான பூஜ்யம்" என்றார், அந்த வார்த்தையை நாக்கில் உருட்டிப் பார்த்துக்கொண்டு. "இதைத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டு வரேன். மத்தவங்களுக்கு மரபணுவை வாயடைக்க வைரஸ் வேணும். எனக்கு இயற்கையே அந்த வேலையை முன்கூட்டியே முடிச்சு அனுப்பியிருக்கு. பெரியவங்களே, உலகத்துல யார் எந்த நொதியை அளந்தாலும் கடைசியில ஒரு பூஜ்யத்தோடதான் ஒப்பிட்டாகணும். அந்தப் பூஜ்யம் இனிமே இங்கேர்ந்துதான் போகும்!"

"ஆமாம் சார்!" என்று ஒரு குரல் பெரு நிம்மதியோடு எழுந்தது. "உங்களைவிடப் பெரிய பூஜ்யம் யாரும் கிடையாது சார்!"

அரங்கில் எழுந்த கைதட்டலில் சிரிப்பு எவ்வளவு, பாராட்டு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கருவியாலும் ஆகாது. தலைவர் இரண்டுக்கும் சேர்த்துக் கைகூப்பினார்.

தேர்வாளர் அம்மாள் அன்றே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டார். மையத்தின் புது ரிப்பனைத் தலைவர் வெட்டினார். எல்லோரும் டீக்குப் போன பிறகு, கண்ட்ரோல் ஆய்வேட்டோடு அவர் அறைக்குள் போய் நின்றாள். மேஜைமேல் அது திறந்து கிடந்தது, மாமியார்ப் பக்கமும் உள்ளே. தலைவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். முகம் கடுமையாக இருந்தது.

"இங்கே ஒரு வரி சரியில்லை" என்றார்.

"எது சார்?"

"'தலைவர்-1 செல்லில் இந்த மரபணு இல்லை'ன்னு எழுதியிருக்கே. மொட்டையா 'இல்லை'ன்னா என்ன அர்த்தம்? யாருக்கு வேணா இல்லாம இருக்கும். 'முற்றிலும் இல்லை'ன்னு போடு. நமக்கு எதையும் அரைகுறையா செஞ்சு பழக்கம் கிடையாது."

அவள் யோசித்துப் பார்த்தாள். அப்பாவிடமிருந்து வர வேண்டிய பிரதியும் இல்லை, அம்மாவிடமிருந்து வர வேண்டிய பிரதியும் இல்லை. விஞ்ஞானப்படி பார்த்தாலும் அவர் சொன்னது சரி. அந்தக் கூடத்தில் தலைவர் சொல்லி அவள் முழுமனதோடு ஏற்றுக்கொண்ட முதல் திருத்தம் அதுதான்.

"போட்டுடறேன் சார். சந்தோஷமா போட்டுடறேன்."

பேனா காகிதத்தில் பெரிய வளைவுகளோடு ஓடியது. கையெழுத்துக்குக் கீழே, கேட்காமலேயே, ஒரு அடிக்கோடும் விழுந்தது.

வெளியே லிஃப்ட் வாசலில் மாமியாரும் கணவனும் நின்றார்கள். மாமியார் ஒரு பெரிய மனிதரை மடக்கி, ரத்தம் கொடுத்த கையைக் காட்டிக்கொண்டிருந்தார். கணவன் ஓடிவந்தான். "என்ன ஆச்சு? போட்டாரா? என்ன சொன்னார்?"

அவள் சொல்ல வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, கொஞ்சம் பொறுங்க என்று கையால் காட்டினாள். மூன்று பேரும் லிஃப்டுக்குள் ஏறிக் கதவு மூடியது. கீழே போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. மாமியார்கூட அதுவரை பேசாமல் காத்துக்கொண்டிருந்தார்.